வெள்ளைப் பெயிண்ட்டில் ஒன்று, இரண்டு, மூன்று

காஸ்பருக்குப் பொய் சொல்ல வராது என்று விருத்தாசலத்தில் ஒரு பேச்சு உண்டு. உளுந்தூர்பேட்டை ரோட்டில் அவர் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்புக்கு மங்கலம்பேட்டையிலிருந்தும் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்தும் கார்கள் தேடி வருவதற்கு அந்தப் பேச்சுதான் காரணம். துபாயிலிருந்து லீவுக்கு வந்தவர் வாங்கிய புது வண்டியானாலும் சரி, கம்மாபுரம் பக்கத்துப் பள்ளங்களில் விழுந்து எழுந்த பழைய வண்டியானாலும் சரி, அடியில் படுத்துப் பார்த்துவிட்டு உள்ளதைச் சொல்வார். அப்படிப்பட்ட மனிதர் தன் மச்சானிடம் ஒரே ஒரு பொய் சொன்னார். அதையும் நல்லதுக்குத்தான் சொன்னார். நல்லதுக்கென்று சொல்லும் பொய்யைக் கண்டால்தான் எனக்குப் பயம் அதிகம். மற்ற பொய் சொன்னவனுக்காவது மனதின் ஒரு மூலையில் கொஞ்சம் உறுத்தல் இருக்கும். நல்லதுக்குச் சொன்னவன் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவான்.

மச்சான் என்றால் மனைவி விமலாராணியின் தம்பி ஸ்டான்லி. முப்பத்திரண்டு வயது. செராமிக் எஸ்டேட்டில் பீங்கான் ஃபியூஸ் கேரியர் செய்யும் யூனிட் நடத்துகிறான். அவனுக்கு ஐந்து வயதிருக்கும்போது தாய் இறந்துபோனாள். அப்போது விமலாராணிக்குப் பதினாறு. பல் விளக்கிவிட்டதிலிருந்து பத்தாவது பரீட்சைக்குக் கொண்டுபோய் விட்டது வரை எல்லாம் அவள்தான். பெண் பார்க்க வந்த காஸ்பரிடமே, "தம்பி என்கூடத்தான் இருப்பான், சம்மதம்னா சொல்லுங்க" என்று கேட்டவள். காஸ்பர் சம்மதித்தார். ஆகவே ஸ்டான்லிக்கு அவர் மாமா என்பது பேருக்குத்தான், பாதித் தகப்பன்.

இப்படி வளர்ந்த பிள்ளைக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பைத்தியம் பிடித்தது. எஸ்டேட்டில் அடுத்த யூனிட் வைத்திருக்கும் நண்பன் ராஜா, சென்னைக்கு வெளியே ஒரு ரேஸ் டிராக்குக்கு அவனைக் கூட்டிப்போனான். வருஷத்தில் சில நாட்கள் யார் வேண்டுமானாலும் பணம் கட்டிவிட்டுத் தன் சொந்தக் காரை அந்த டிராக்கில் ஓட்டலாம். பரிசு கிடையாது, கோப்பை கிடையாது. ஒரு சுற்றுக்கு எத்தனை நொடி என்று அச்சடித்து ஒரு சீட்டு கொடுப்பார்கள். அந்தச் சீட்டை ஸ்டான்லி பர்ஸில் மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். பழைய வெள்ளைக் கார் ஒன்றை இதற்கென்றே வாங்கினான். ஜூன் மாதம் ஒரு வளைவில் வண்டி திரும்பாமல் நேராகப் புல்லுக்குள் போய், முன் பம்பர் தொங்க வீடு வந்து சேர்ந்தான். விமலாராணி அந்தப் பம்பரைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றும்படி பேசினாள்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஸ்டான்லி செல்போனை நீட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தான்.

"மாமா, ஸ்வே பார் மாத்தலாம்னு இருக்கேன். மூணு விதம் இருக்குது. எது போடலாம், நீங்களே சொல்லுங்க."

காஸ்பருக்கு அது ஸ்டெபிலைசர் ராடு. காருக்கு அடியில் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே குறுக்காகக் கிடக்கும் இரும்புக் கம்பி. வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாயப் பார்க்கும்போது அந்தக் கம்பி முறுக்கிக்கொண்டு சாயவிடாமல் பிடிக்கும். கம்பி தடிமனாக இருந்தால் பிடி இறுகும். சாலையில் போகிற வண்டிக்குக் கம்பெனிக்காரன் போட்டதே போதும். ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவர்களுக்குத்தான் அது போதாது.

"இது முன்னுக்கும் பின்னுக்கும் சேர்ந்த செட்டு. இது பின்னாடி மட்டும், நல்ல தடி. இதுவும் பின்னாடி மட்டும்தான், கொஞ்சம் மெலிசு, ஆனா ரெண்டு முனையிலயும் மூணு மூணு ஓட்டை இருக்குது. எந்த ஓட்டையில மாட்டுறமோ அதுக்கு ஏத்த மாதிரி இறுக்கம் மாறுமாம்" என்றான் ஸ்டான்லி.

காஸ்பர் கையைத் துடைத்துக்கொண்டு படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். தொழில் என்று வந்துவிட்டால் அவருக்கு மச்சானும் கிடையாது, மாமனும் கிடையாது.

"முன்னாடி தடியாப் போட்டா வண்டி இன்னும் நேராத்தான் ஓடும். உன் வண்டிக்கு வியாதியே அதானே? செட்டு வோணாம்."

"அப்போ பின்னாடி தடியா இருக்கறது?"

"அது பின்னாடி ரொம்பப் பிடிக்கும். வளைவுல மூக்கு நல்லா உள்ள திரும்பும், இல்லன்னு சொல்லல. ஆனா நீ பாதியில காலை எடுத்தீன்னா வால் சுத்திக்கிட்டு முன்னாடி வந்துடும். நேராப் போற வண்டிய பிரேக் போட்டு நிறுத்தலாம். வால் சுத்துற வண்டிய ஒண்ணும் பண்ண முடியாது. மூணு ஓட்டை இருக்கறத வாங்கு. காஞ்ச ரோட்டுல இறுக்கி வெச்சுக்கலாம். மழை பேஞ்சா இருக்கறதுலயே லூசான ஓட்டைக்கு மாத்திடணும். அது மட்டும் மறக்கக் கூடாது."

"மறப்பனா மாமா" என்று சொல்லிவிட்டு ஸ்டான்லி அங்கேயே நின்று ஆர்டர் போட்டான். இதுவரைக்கும் காஸ்பர் சொன்னது அத்தனையும் உண்மை. இந்த இடத்தோடு நின்றிருந்தால் இந்தக் கதைக்கு வேலை இருந்திருக்காது.

பார்சல் வந்த அன்று விமலாராணி சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். கரண்டி கையிலேயே இருந்தது.

"என்னமோ கம்பி மாத்தப் போறானாமே. ஆக்னஸ் சொன்னா." ஆக்னஸ் ஸ்டான்லியின் மனைவி, பள்ளிக்கூட டீச்சர்.

"ஆமா."

"மாத்துனா இன்னும் வேகமாப் போவலாமா?"

"வளைவுல கொஞ்சம் வேகமாப் போவலாம்."

"நீங்கதானே மாட்டப் போறீங்க? மாட்டுங்க. ஆனா அது வேலை செய்யக் கூடாது."

காஸ்பருக்குச் சிரிப்பு வந்தது. "வேலை செய்யாத சாமானை மாட்டுறதுக்கு நான் என்னாத்துக்கு? செவுத்துல மாட்டிக்கச் சொல்லு."

அவள் சிரிக்கவில்லை. "எங்கம்மா சாவறப்போ அவனைத் தூக்கி எம்மடியிலதான் வெச்சாங்க. நாளைக்கு அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருக்குன்னு பதில் சொல்லுவேன்? அவன் நான் சொன்னாக் கேக்க மாட்டான், பொண்டாட்டி சொன்னாலும் கேக்க மாட்டான். வண்டி உங்க பேச்சைக் கேக்குமில்ல?" என்றவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இருபத்தைந்து வருஷத்தில் விமலாராணி அவரிடம் அழுது எதையும் கேட்டதில்லை. சண்டை போட்டுத்தான் கேட்பாள். காஸ்பர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"சரி, இருக்கறதுலயே லூசா மாட்டிடறேன். இறுக்கி மாட்டியிருக்குன்னு அவன் நெனைச்சுக்கட்டும். போதுமா?"

"சத்தியமா?"

"சத்தியமா."

ஸ்டான்லியைக் கூப்பிட்டு, 'உன் அக்கா பயப்படுகிறாள், ஒரு வருஷம் லூசாகவே ஓட்டு' என்று நேராகச் சொல்லியிருக்கலாம். காஸ்பர் அதையும் யோசித்தார். சொன்னால் அவன் முகம் சுருங்கும், சென்னையில் வேறு மெக்கானிக்கைப் பார்ப்பான், அவன் தடிக் கம்பியையே மாட்டிவிடுவான். தன் கையில் இருந்தால் பத்திரம் என்று முடிவுக்கு வந்தார். பாசம் என்று அதற்கு அவர் பெயர் வைத்துக்கொண்டார். வளர்ந்த ஆளைக் குழந்தையாக நடத்துவதற்கு நம் வீடுகளில் வேறு பெயரே கிடையாது.

மாட்டும் நாளில் ஸ்டான்லி யூனிட்டை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டான். இதை காஸ்பர் எதிர்பார்க்கவில்லை. வண்டியைத் தூக்கி நிறுத்தி, பழைய கம்பியைக் கழற்றி, புதியதை ஏற்றியபோது அவனும் குனிந்து அடியில் வந்து நின்றான்.

"மாமா, இதுல எது ரொம்ப ஹார்டு?"

கம்பியின் முனையில் மூன்று ஓட்டைகள் வரிசையாக இருந்தன. ஸ்பேனர் பிடித்த எவருக்கும் விடை தெரியும். நீளமான ஸ்பேனரில் நட்டு சுலபமாகத் திரும்பும், குட்டை ஸ்பேனரில் திரும்பாது. அதே கணக்குதான் இங்கேயும். கடைசி முனையில் இருக்கும் ஓட்டையில் மாட்டினால் கம்பி சுலபமாக முறுக்கும், அது லூசு. உள்ளே தள்ளி இருக்கும் ஓட்டையில் மாட்டினால் லேசில் முறுக்காது, அதுதான் இறுக்கம். காஸ்பர் கடைசி ஓட்டையில்தான் மாட்டுவதாக இருந்தார். கேள்வி வந்ததும் ஒரு கணம் தடுமாறினார்.

"இந்தக் கடைசி ஓட்டைதான்" என்றார்.

"அப்படியா? நான் உள்ள இருக்கறதுன்னு நெனைச்சேன்."

"உன் யூனிட்ல கை பிரஸ் இருக்குதுல்ல? மேல கையில ரெண்டு இரும்புக் குண்டு மாட்டியிருக்கியே. குண்டை வெளிய தள்ளி வெச்சா அடி எப்படி வுழுவுது?"

"பலமா வுழுவுது."

"அதே மாதிரிதான் இது. வெளிய போவப் போவ பலம்."

ஸ்டான்லி முகம் மலர்ந்தது. பதினெட்டு வயதிலிருந்து அந்தக் கை பிரஸ்ஸோடு வாழ்கிறவன் அவன். மண் தூளை அச்சில் போட்டு, குண்டு மாட்டிய கையைச் சுழற்றி அடித்து, ஒரு நாளைக்கு ஆயிரம் ஃபியூஸ் கேரியர் எடுத்த தோள் அவனுடையது. குண்டு வெளியே போனால் அடி பலம் என்பது அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயமில்லை. காஸ்பர் சொன்னது அப்படியே உடம்பில் போய் ஒட்டிக்கொண்டது. வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் இன்டர்நெட்டில் தேடிப் பார்த்திருப்பான். இவன் செராமிக் டவுன்காரன். பிரஸ்ஸை விடப் பெரிய சாட்சி அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

"அப்போ நம்பர் போட்டுக் குடுத்துடுங்க மாமா. எங்க யூனிட்ல ஒவ்வொரு அச்சுக்கும் பெயிண்ட்ல நம்பர் போட்டுத்தான் வெப்போம். இல்லன்னா எது எதுன்னு கொழம்பிப் போவும்."

அந்த இடத்திலாவது காஸ்பர் திரும்பியிருக்க வேண்டும். வாயால் சொன்ன பொய் காற்றோடு போய்விடும், எழுதினது நிற்கும். ஆனால் பையன் பெயிண்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்து நீட்டிக்கொண்டு நிற்கிறான். கம்பியின் இரண்டு முனையிலும், உள் ஓட்டைக்குப் பக்கத்தில் ஒன்று, நடுவில் இரண்டு, கடைசியில் மூன்று என்று வெள்ளைப் பெயிண்ட்டில் அழகாக எழுதினார். ஒன்று லூசு, மூன்று இறுக்கம். எழுத்து மணிமணியாக இருந்தது. விஷயம்தான் தலைகீழ். பெட்டியோடு வந்திருந்த விளக்கத் தாளை ஸ்டான்லி போன பிறகு மடித்துப் பழைய இரும்பு டிரம்முக்குள் போட்டார்.

ஆகஸ்டில் ஸ்டான்லி மூன்றாம் ஓட்டையோடு டிராக்குக்குப் போய் வந்தான். புதுக் கம்பி என்பதால் லூசான ஓட்டையிலேகூடப் பழையதை விடக் கொஞ்சம் தேவலாம். ஒரு சுற்றில் முக்கால் நொடி குறைந்திருந்தது. "இன்னும் கொஞ்சம் நேராத்தான் ஓடுது மாமா. இத்தனைக்கும் ஃபுல் ஹார்டுல இருக்குது" என்று தலையைச் சொறிந்தான். காஸ்பர் டயரைக் குறை சொன்னார், டிராக்கைக் குறை சொன்னார். பொய்யைப் பராமரிக்கவும் ஒர்க்‌ஷாப் தேவைப்படும் போலிருக்கிறது. விமலாராணி அன்று மீன் குழம்பு வைத்தாள். வண்டியில் கீறல் இல்லை, தம்பி மேல் கீறல் இல்லை. புருஷன் தட்டில் இரண்டு துண்டு அதிகமாக விழுந்தது. காஸ்பர் அதை வெட்கமில்லாமல் சாப்பிட்டார்.

அக்டோபர் கடைசியில் அடுத்த டிராக் நாள் வந்தது, ஞாயிற்றுக்கிழமை. ஸ்டான்லியும் ராஜாவும் சனிக்கிழமையே கிளம்பிப் போய்விட்டார்கள். ஞாயிறு காலை விருத்தாசலத்தில் வானம் மூடியிருந்தது. காஸ்பரும் விமலாராணியும் பங்குக் கோயிலில் பூசைக்குப் போனார்கள். ஆக்னஸ் பிள்ளைகளோடு முன் வரிசையில் இருந்தாள். காஸ்பர் போனைச் சத்தம் வராமல் வைத்துச் சட்டைப் பையில் போட்டிருந்தார். நடுவில் அது இரண்டு முறை துடித்தது. பூசை நேரத்தில் போனை எடுக்கிறவர்களைக் கண்டால் அவருக்கே பிடிக்காது.

பூசை முடிந்து வெளியே வரும்போது மணி பத்து நாற்பது. லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. விமலாராணி யாரோடோ பேசிக்கொண்டு நின்றாள். காஸ்பர் ஒதுங்கி நின்று போனைப் பார்த்தார். ஸ்டான்லி குரலில் ஒரு செய்தி.

"மாமா, இங்க நல்ல மழை. கவலைப்படாதீங்க, நீங்க சொன்னத மறக்கல. ராடை மூணுலேர்ந்து ஒண்ணுக்கு மாத்திட்டோம். ஃபுல் லூசு. அக்காகிட்டயும் சொல்லிடுங்க, பயப்பட வோணாம்னு. பதினோரு மணிக்கு எங்க பேட்ச்."

காஸ்பர் அதை இன்னொரு முறை போட்டுக் கேட்டார். ஒன்று லூசு இல்லை. ஒன்றைவிட இறுக்கம் அந்தக் கம்பியில் வேறு இல்லை. ஈர ரோட்டில், வால் சுத்துவதற்கென்றே செய்து வைத்தது போல் வண்டி நிற்கிறது. அதில் பத்திரமாக இருக்கிறோம் என்று நம்பி அவன் ஏறப்போகிறான். 'மழை பேஞ்சா லூசுக்கு மாத்து' என்று சொன்னதும் இதே வாய்தான்.

ஸ்டான்லிக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஹெல்மெட் மாட்டியிருப்பான். ராஜாவுக்கு அடித்தார். எடுத்தான்.

"காஸ்பர் அண்ணே! இங்க மழை கொட்டுது. செம ஜாலியா இருக்குது."

"ராஜா, ஸ்டான்லி பக்கத்துல இருக்கானா? ராடை ஒண்ணுல வெக்க வோணாம்னு சொல்லு. மூணுக்கே திருப்பி மாத்தச் சொல்லு."

"என்னாண்ணே, மழைக்கு லூசுதானே வோணும்?"

உண்மையைச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும். நான் பொய் சொல்லிவிட்டேன், நம்பர் தலைகீழ் என்று சொன்னால் முடிந்தது. அதுகூட வேண்டாம், பெயிண்ட் மாற்றி அடித்துவிட்டேன் என்றாலும் போதும். ஆனால் போனுக்கு அந்தப் பக்கம் இருப்பவன் ராஜா. செராமிக் எஸ்டேட்டின் பாதி வேன்கள் அவன் சொல்லித்தான் காஸ்பரிடம் வருகின்றன. காஸ்பருக்கு ஓட்டையே தெரியவில்லை என்று அவன் ஒரு டீக்கடையில் சொன்னால் போதும். இந்தப் பக்கம் மூன்றடி தூரத்தில் விமலாராணி. காஸ்பர் வாய்க்குள்ளேயே மென்றார்.

"நான் சொல்றன்ல. மூணுதான் நல்லது. சொல்லு அவன்கிட்ட."

ராஜா யாரிடமோ கத்திப் பேசுவதும் சிரிப்பதும் கேட்டது. திரும்ப வந்தான். "கேட்டுட்டேன்ணே. மாமா அக்கா பக்கத்துல நின்னுக்கிட்டு பயத்துல ஒளறுறாரு, மழைல ஹார்டு வெக்கக் கூடாதுன்னு அவருதான் எனக்கு சொல்லிக் குடுத்தாருன்னு சொல்றான். நீங்க நிம்மதியா இருங்க." போனை வைத்துவிட்டான்.

காஸ்பர் கோயில் காம்பவுண்டில் நின்றபடி மணியைப் பார்த்தார். பத்து நாற்பத்தெட்டு. வாக்கியத்தை மனதுக்குள் இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தார். மானத்துக்கும் உயிருக்கும் நடுவில் ஒரு மனிதன் எவ்வளவு நேரம் யோசிப்பான் என்று கேட்டால், உடனே உயிர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். காஸ்பர் ஆறு நிமிஷம் யோசித்தார். அந்த ஆறு நிமிஷத்தை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை, அவருக்கும் வரவில்லை.

பத்து ஐம்பத்து நாலுக்கு மறுபடி அடித்தார். மூன்றாவது தடவைதான் ராஜா எடுத்தான்.

"ராஜா, நான் பெயிண்ட்ட மாத்தி அடிச்சிட்டேன். ஒண்ணுதான் ஹார்டு. அவனை எறங்கச் சொல்லு. ஓடு, ஓடு!"

விமலாராணி திரும்பிப் பார்த்தாள். போனில் ராஜா ஓடும் சத்தம் கேட்டது, மழைச் சத்தம் கேட்டது, யாரையோ "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கெஞ்சும் சத்தம் கேட்டது. அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு ராஜா சொன்னான்: "முன்னாடியே வுட்டுட்டாங்கண்ணே. போயிட்டான்."

ஸ்டான்லி இரண்டு சுற்று முடித்தான். மூன்றாவது சுற்றில் டிராக்கின் கடைசி வளைவில் வண்டியின் வால் சுத்திக்கொண்டு முன்னால் வந்தது. ஓட்டுகிறவன் பக்கமாகப் போய் டயர் அடுக்கிய தடுப்பில் மோதியது. வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது, தோள்பட்டை எலும்பு போனது, விலா எலும்பு இரண்டு. தலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஆக்னஸின் சின்னக் காரில் மூவரும் கிளம்பிப் போனார்கள். காஸ்பர்தான் ஓட்டினார். நாலரை மணி நேரம் விமலாராணி ஜெபமாலையை உருட்டிக்கொண்டு வந்தாள். ஆக்னஸ் பின் சீட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயிண்ட் மாறிவிட்டதாக காஸ்பர் போனில் கத்தியதை இருவரும் கேட்டிருந்தார்கள். யாரும் அதைப் பற்றி ஏதும் கேட்காததுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்டான்லி கையில் கட்டோடு படுத்திருந்தான். ராஜா ஓரமாக நின்றிருந்தான். விமலாராணி போய்த் தம்பி நெற்றியைத் தொட்டுவிட்டு ஓவென்று அழுதாள். ஸ்டான்லி அவளைச் சமாதானம் பண்ணிவிட்டு காஸ்பரைப் பார்த்துச் சிரித்தான்.

"ராஜா சொன்னான் மாமா. நம்பரை மாத்திப் போட்டுட்டீங்களாமே. வுடுங்க. எங்க யூனிட்லயே எத்தனை தடவை அச்சு நம்பர் மாறியிருக்குது. கை தவறுறது யாருக்கு இல்ல? நான் ஒண்ணும் நெனைச்சுக்கல."

மன்னிப்பு கையில் வந்து விழுந்துவிட்டது. வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருந்தால் ஊருக்குப் போய்ப் பழையபடி பிழைத்திருக்கலாம். விமலாராணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் பார்வையில், வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்று கெஞ்சல் இருந்தது. காஸ்பருக்கு அதைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. அவள் மேல் இல்லை, தன் மேல்.

"கை தவறல ஸ்டான்லி. தெரிஞ்சேதான் மாத்தி எழுதுனேன். நீ லூசாவே ஓட்டணும்னு. மொத நாள்லேர்ந்து உங்கிட்ட பொய்தான் சொன்னேன்."

"நான்தான் கேட்டேன். அவரைத் திட்டாதடா, நான்தான் அழுது கேட்டேன்" என்றாள் விமலாராணி. பிறகு காஸ்பர் பக்கம் திரும்பி, "லூசா மாட்டச் சொன்னேன். பொய்யா எழுதச் சொன்னனா?" என்றாள்.

ஸ்டான்லி கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"மொத சுத்துலயே வால் ஆடுச்சு மாமா. கைக்குத் தெரிஞ்சுது. இது லூசு இல்ல, எறங்கிடுன்னு கை சொல்லுச்சு. மாமா மாட்டுனது, தப்பா இருக்காது, நமக்குத்தான் மழைல ஓட்டத் தெரியலன்னு நெனைச்சேன். என் கை சொன்னத நம்பல. நீங்க எழுதுனத நம்புனேன்."

காஸ்பருக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளக்கூட வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார், ஸ்டான்லி கண்ணை மூடிக்கொண்டான். நர்ஸ் வந்து எல்லோரும் கொஞ்சம் வெளியே இருங்கள் என்றாள்.

வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஆக்னஸ் காஸ்பர் எதிரில் வந்து நின்றாள். முகத்தில் கோபம் இல்லை. வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்கிற அதே நிதானத்தில் கேட்டாள்.

"அண்ணே, போன வாரம் என் வண்டிக்கு பிரேக் பேடு நாலும் புதுசு போட்டேன்னு சொன்னீங்க. போட்டீங்களா?"

"போட்டேம்மா. சத்தியமாப் போட்டேன்."

அவள் தலையாட்டினாள். நம்புவதாகவும் சொல்லவில்லை, நம்பவில்லை என்றும் சொல்லவில்லை. ராஜா பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, இங்க பக்கத்துல நல்ல ஒர்க்‌ஷாப்பு இருந்தா நாளைக்குக் காலையில சொல்லுங்க. இந்த வண்டியிலதான் புள்ளைங்கள தெனமும் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறேன். ஊருக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை கழட்டிப் பாத்துட்டுப் போயிடறேன்."

ராஜா காஸ்பரைப் பார்க்காமல், "சரிம்மா, விசாரிக்கிறேன்" என்றான். காஸ்பர் பையிலிருந்த கார் சாவியை எடுத்து ஆக்னஸ் கையில் கொடுத்தார்.